உக்கிரபாண்டியின் நெஞ்சில் எழுதியிருந்தது

வகுப்பறை வாசலில் வந்து நின்ற உக்கிரபாண்டியின் நெஞ்சையே நாலாம் வகுப்பு மொத்தமும் உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தது. பிள்ளைகளின் உதடுகள் அசைந்தன. சத்தம் வரவில்லை.

ஊரில் பெரிய மனிதரான அவர் பள்ளிக்கூடத்துத் தண்ணீர்த் தொட்டியைப் பற்றிப் பேச வந்திருந்தார். முறுக்கிய மீசை, முழங்காலுக்கு மேல் மடித்துக் கட்டிய வேட்டி. அன்றைக்கு வழக்கமான வெள்ளைச் சட்டைக்குப் பதிலாகக் கருநீல டீ-சர்ட் போட்டிருந்தார். அதன் நெஞ்சில் பளபளவென்று வெள்ளை எழுத்து. எல்லாம் ஆங்கிலப் பெரிய எழுத்து.

தேவிபிரியா டீச்சர் அதை ஒரே பார்வையில் வாசித்துவிட்டாள். கையிலிருந்த சாக்பீஸ் கீழே விழுந்தது.

‘ஐ ஆம் த பிரைடு.’

நான்தான் கல்யாணப் பெண்.

அவள் அருப்புக்கோட்டையில் நெசவுக்காரக் குடும்பத்துப் பெண். வீட்டில் தெலுங்கு. முதல் வகுப்பில் தமிழ் டீச்சர் என்ன சொல்கிறார் என்று புரியாமல் பக்கத்துப் பிள்ளை உட்கார்ந்தால் உட்கார்ந்து, எழுந்தால் எழுந்து காலம் தள்ளியவள். அதனால் சித்தலக்குளம் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் ஆங்கிலப் புத்தகத்தைப் பார்த்து முழிக்கிற முழி அவளுக்குப் பழக்கமானது. பிள்ளைகளுக்குப் பாடம் முழுக்க மனப்பாடம். பக்கத்தைத் திருப்பினாலும் முந்தின பக்கத்தையே ஒப்பிப்பார்கள். புத்தகத்தை மூடிவிட்டால் இன்னும் நன்றாக ஒப்பிப்பார்கள். புத்தகத்தில் இல்லாத ஒரு சொல்லை ஒரு பிள்ளையாவது தானாகக் கூட்டி வாசித்துவிடாதா என்று வருஷம் முழுவதும் அவள் ஏங்கிக்கொண்டிருந்தாள்.

முந்தின நாள்தான் ‘ரைடு’ என்ற ஆங்கிலச் சொல்லை நடத்தியிருந்தாள். கடைசியில் நிற்கிற ‘ஈ’ வாயைத் திறக்காது, ஆனால் முன்னால் நிற்கிற ‘ஐ’யைக் கிள்ளிவிடும், கிள்ளு வாங்கிய ‘ஐ’ தன் பெயரைச் சொல்லிக் கத்தும் என்று நடித்தே காட்டியிருந்தாள். பிள்ளைகள் ஒருவரையொருவர் கிள்ளிக் கத்தி அதை நன்றாகவே பழகியிருந்தார்கள்.

இப்போது முதல் பெஞ்சிலிருந்து தங்கலட்சுமி எழுந்தாள். உக்கிரபாண்டியின் தம்பி மகள்.

“ரெண்டு தொந்தி பி,” என்றாள் மெதுவாக. ‘பி’ என்று ஆங்கிலத்தில் இரண்டு எழுத்து இருக்கிறதே என்று குழம்பிய பிள்ளைகள் ஒன்றுக்கு ரெண்டு தொந்தி பி, மற்றொன்றுக்கு ஒத்தத் தொந்தி பி என்று அவர்களாகவே பெயர் வைத்திருந்தார்கள். “ஆர். ஐ. டி. ஈ. ஈ கிள்ளிருச்சு. ரைடு. ப்... ரைடு. பிரைடு. டீச்சர், பெரியப்பா சட்டையில பிரைடுன்னு போட்டுருக்கு.”

வகுப்பே கை தட்டியது. தேவிபிரியாவுக்குக் கண் கலங்கியது. சந்தோஷத்திலா பயத்திலா என்று அவளுக்கே தெரியவில்லை.

உக்கிரபாண்டி குனிந்து தன் நெஞ்சைப் பார்த்துக்கொண்டார். பிறகு டீச்சரைப் பார்த்தார்.

“அப்படின்னா என்ன டீச்சர்?”

பயப்படக் காரணம் இருந்தது. முன்பு இருந்த ஒரு வாத்தியார், கண்மாய்ச் சேற்றில் உக்கிரபாண்டி மொபெட்டோடு விழுந்தபோது சிரித்தாராம். அடுத்த வாரமே அவருக்கு மாற்றல். இரண்டுக்கும் சம்பந்தம் உண்டா என்று யாரும் விசாரித்ததில்லை. ஆனால் சம்பந்தம் இருப்பதாகவே எல்லாரும் சொன்னார்கள். அதைவிடப் பெரிய காரணம் ஒன்று. அருப்புக்கோட்டைத் தனியார் பள்ளிக்கூடங்களின் மஞ்சள் வேன்கள் தினமும் ஊருக்குள் வந்து பிள்ளைகளை அள்ளிக்கொண்டு போயின. நம்ம வீட்டுப் பிள்ளை நம்ம ஊர்ப் பள்ளிக்கூடத்தில்தான் படிக்கும் என்று பிடிவாதமாக நின்றவர் உக்கிரபாண்டி. அவரைப் பார்த்துத்தான் இன்னும் சில வீட்டுக்காரர்கள் பிள்ளைகளை வேனில் ஏற்றாமல் இருந்தார்கள். அவர் கோபித்துக்கொண்டால் பள்ளிக்கூடத்தில் கரும்பலகை மட்டும்தான் மிஞ்சும்.

“பெருமை,” என்றது தேவிபிரியாவின் வாய். அவள் யோசிக்கும் முன்பே சொல்லிவிட்டது. “நான்தான் இந்த ஊருக்குப் பெருமைன்னு போட்டுருக்குங்கய்யா.”

உக்கிரபாண்டியின் மீசை மெல்ல மேலே ஏறியது. தண்ணீர்த் தொட்டியை மறந்துவிட்டுத் தெருவில் இறங்கி நடந்தார். வழக்கமாகக் குறுக்கு வழியில் வீட்டுக்குப் போகிறவர் அன்று ஊரை ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டு போனதாகப் பிறகு சொன்னார்கள்.

பிள்ளைகள் நோட்டில் எழுதிக்கொண்டார்கள். பிரைடு என்றால் பெருமை. அழிக்கச் சொல்ல அவளுக்குத் தைரியம் வரவில்லை.

அடுத்த வாரம் அவள் டவுன் பஸ்ஸிலிருந்து ஊருக்குப் பாதை பிரிகிற விலக்கில் இறங்கியபோது உக்கிரபாண்டி டிராக்டரோடு எதிரே நின்றார். பந்தல்குடியில் லோடு இறக்கிவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தாராம். வெயிலில் நடக்க வேண்டாம், ஏறுங்க டீச்சர் என்றார். பின்சக்கரத்து மட்காடில் ஏறி உட்கார்ந்தாள். பள்ளிக்கூடம் வரை வேப்பங்காற்று சுகமாக இருந்தது.

பள்ளிக்கூட வாசலில் தலைமை ஆசிரியர் தனுஷ்கோடி நின்றிருந்தார். ஓய்வு பெறும் வயதை நெருங்கிக்கொண்டிருந்த, எதற்கும் பதறாத மனிதர். டிராக்டரைப் பார்த்தார். அவள் உட்கார்ந்திருந்த இடத்தைப் பார்த்தார். முகம் மலர்ந்தது.

“என்ன டீச்சர், கல்யாணமா? எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே. மாப்பிள்ளைக்கு எந்த ஊரு?”

தேவிபிரியா குதித்து இறங்கித் திரும்பிப் பார்த்தாள். சிவப்பு மட்காடில், அவள் உட்கார்ந்திருந்த இடத்துக்கு நேர் கீழே, லாரிக்கு எழுதுகிற பெயிண்டர் மஞ்சளில் பூ வேலைப்பாடோடு எழுதியிருந்தார். ஐ ஆம் த பிரைடு. டீ-சர்ட்டைப் பார்த்து ஒரு புள்ளி பிசகாமல் எழுதியிருந்தார்.

“நல்லாருக்கா டீச்சர்?” என்றார் உக்கிரபாண்டி.

நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு அவள் தலைமை ஆசிரியரை உள்ளே அழைத்துக்கொண்டு போனாள். நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னாள். தனுஷ்கோடி நாற்காலியில் உட்கார்ந்து, மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, வெகுநேரம் தோள் குலுங்கச் சத்தமில்லாமல் சிரித்தார். பிறகு நிமிர்ந்து, இதற்கு எளிய வழி இருக்கிறது என்றார். டிராக்டர் எழுத்து வெயிலில் வெளுத்துவிடும். டீ-சர்ட்டுக்குத்தான் மாற்று வேண்டும். நல்ல வாசகம் எழுதிய வேறொன்றைப் பள்ளிக்கூடத்தின் பேரில் கொடுத்துவிட்டால் அவர் அதைப் போட்டுக்கொள்வார், இது மூலைக்குப் போய்விடும்.

தேவிபிரியா அருப்புக்கோட்டைக் கடைத்தெருவில் பாதையோரம் குவித்து விற்கிற டீ-சர்ட்டுகளுக்கு நடுவே உட்கார்ந்து ஒவ்வொன்றாக வாசித்தாள். விற்கிறவர், எல்லாரும் கலர் பார்ப்பார்கள், சைஸ் பார்ப்பார்கள், நீங்கள்தான் பரீட்சைக்குப் படிப்பது மாதிரி படிக்கிறீர்கள் என்றார். கடைசியில் ‘த கிங்’ என்று எழுதிய ஒன்று கிடைத்தது. ராஜா. ஆபத்தில்லாத சொல்.

திங்கட்கிழமை காலை வணக்கக் கூட்டத்தில் பிள்ளைகள் முன்னால் அதை உக்கிரபாண்டிக்குக் கொடுத்தார்கள். அவர் நெகிழ்ந்துபோனார். பள்ளிக்கூடம் இவ்வளவு மரியாதை செய்யும்போது தான் சும்மா இருக்கலாமா என்று கேட்டார். ஆண்டு விழாவுக்குப் பந்தல், மைக்செட், கேசரி எல்லாம் தன் பொறுப்பு என்றார். மேடைக்குப் பின்னால் கட்டுகிற பெரிய பிளக்ஸும் தானே அடித்துத் தருவதாகச் சொன்னார்.

‘த கிங்’ டீ-சர்ட்டை மறுநாள் பருத்திக்கு மருந்தடிக்கும்போது போட்டிருந்தார். ஏன் என்று தனுஷ்கோடி நயமாகக் கேட்டதற்கு, ஊருக்கே பெருமை என்று எழுதினதைப் போட்டுக்கொண்டு மருந்தடிக்க முடியுமா, அது நல்ல நாளைக்கு என்றார்.

இதற்கிடையில் வகுப்பில் ‘பிரைடு’ பரவிக்கொண்டிருந்தது. சொந்தமாக ஒரு வாக்கியம் எழுதச் சொன்னால், என் பள்ளிக்கூடம் என் பிரைடு, என் ஊர் என் பிரைடு என்று எழுதினார்கள். ஒருத்தி தன் எருமையையும் அந்தக் கணக்கில் சேர்த்திருந்தாள். இப்படியே விட்டால் பாவம் என்று தேவிபிரியாவுக்குப் பட்டது. உண்மையில் பாதியையாவது சொல்லிவிட நினைத்தாள்.

நீளவாக்கில் கிழித்த காகிதத் துண்டை வாய்க்கு முன்னால் பிடித்துக் காட்டினாள். ஒத்தத் தொந்தி பி சொன்னால் வாயிலிருந்து காற்று வெடித்துக் காகிதம் பறக்கும். ரெண்டு தொந்தி பி சொன்னால் காகிதம் அப்படியே நிற்கும். தமிழில் இரண்டுக்கும் ஒரே ‘ப’ எழுதுவதால் நமக்குக் குழப்பம். பெருமைக்கு வருவது காகிதம் பறக்கிற பி. அதற்கு மேல் அவள் சொல்லவில்லை. காகிதம் பறக்காத பிரைடு என்னவென்று யாரும் கேட்கவும் இல்லை. காகிதம் பறக்கவிடுகிற அவசரத்தில் இருந்தார்கள்.

பிள்ளைகள் காகிதத்தோடு வீட்டுக்குப் போனார்கள். அன்று சாயங்காலம் ஊரில் எந்த எழுத்தையும் விட்டுவைக்கவில்லை. உர மூட்டை, சோப்பு உறை, பஸ் போர்டு எல்லாவற்றையும் காகிதம் பிடித்துச் சோதித்தார்கள். கடைசியில் உக்கிரபாண்டி வீட்டு வாசலில் நின்ற டிராக்டருக்கு வந்தார்கள்.

மறுநாள் காலை அவர் பள்ளிக்கூடத்துக்கு வந்தபோது அவர் கையிலும் ஒரு காகிதத் துண்டு இருந்தது.

“பிள்ளைக என்னமோ சொல்லுதுக டீச்சர். நம்ம எழுத்துக்குக் காகிதம் பறக்கலையாம். நானும் பிடிச்சுப் பார்த்தேன். எனக்கு மீசைதான் பறக்குது.”

தேவிபிரியா சுவரைப் பார்த்துக்கொண்டு, அது அச்சடித்தவர்களின் பிழை, ஒரு தொந்தி கூடுதலாகப் போட்டுவிட்டார்கள் என்றாள். பெயிண்டரிடம் சொல்லி டிராக்டரிலும் கீழ்த் தொந்தியை அழித்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்றாள். சொல்லி முடித்ததும் அவளுக்கே நிம்மதியாக இருந்தது. இத்தனை நாள் இது தோன்றாமல் போயிற்றே என்றுகூட நினைத்தாள்.

உக்கிரபாண்டி தலையை ஆட்டினார். ஆமாம் என்கிற ஆட்டல் இல்லை.

“திருப்பூர்ல இருந்து பாரினுக்குப் போற சரக்கு டீச்சர். அதுல தப்பு வராது. பிளக்ஸுக்கும் இந்தச் சட்டையோடதான் போட்டோ எடுத்துக் குடுத்தாச்சு. விழாவுக்கு ஆபீசரம்மா வாராகள்ல, மேடையில வச்சு அவுககிட்டயே கேட்டுருவோம்.”

ஆண்டு விழா அன்று மேடைக்குப் பின்னால் உக்கிரபாண்டி பனைமர உயரத்துக்கு நின்றார். கருநீல டீ-சர்ட், ஒரு கை மீசையில். எழுத்தை பிளக்ஸ் கடைக்காரர் தனியாக எடுத்து, பெரிதாக்கி, சுற்றிலும் ரோஜாப்பூ வைத்திருந்தார். நேரில் வந்த உக்கிரபாண்டியும் அதே டீ-சர்ட்டில் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்.

வட்டாரக் கல்வி அலுவலர் ஜெகதீஸ்வரி காரிலிருந்து இறங்கினார். நிமிர்ந்து பார்த்தார். கைக்குட்டையை வாயில் வைத்துக்கொண்டு இருமினார். இருமல் நிற்கச் சற்று நேரமானது. தனுஷ்கோடி அவரைத் தனியே அழைத்துப்போய் விஷயத்தைச் சொல்லி, எப்படியாவது காப்பாற்றுங்கள் மேடம் என்று கும்பிட்டார். அவர் நல்ல மனுஷி. கவலைப்படாதீர்கள், மேடையேறியதும் பிள்ளைகளை வாசிக்கச் சொல்லி நேரத்தை ஓட்டிவிடுகிறேன், அதற்குள் அவர் கேட்க வந்ததையே மறந்துவிடுவார் என்றார்.

சொன்னபடியே செய்தார். பாடப்புத்தகம் வேண்டாம், பிள்ளைகள் பார்த்திராத புத்தகமாக இருக்கட்டும் என்று தன் பைக்குள் கைவிட்டு, கிடைத்த படக்கதை ஒன்றை எடுத்துத் தங்கலட்சுமியிடம் கொடுத்தார். அட்டையில் இரண்டு எலிகள் இருந்தன.

தங்கலட்சுமி மைக்கின் முன்னால் நின்று வாசித்தாள். தடுக்கித் தடுக்கித்தான் வாசித்தாள். ஆனால் ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்து வாசித்தாள். எலி வீட்டுக்குத் தோரணம் கட்டினார்கள், எலிகள் பாட்டுப் பாடின என்று போனது கதை. தேவிபிரியா மேடை ஓரத்தில் மூங்கிலைப் பிடித்துக்கொண்டு, பிள்ளை ஒரு வரி முடிக்கிறபோதெல்லாம் தானும் மூச்சு விட்டாள்.

தங்கலட்சுமி பக்கத்தைத் திருப்பினாள்.

“ஹியர்... இஸ்... த... பிரைடு.”

நின்றுவிட்டாள்.

படத்தில் ஒரு எலி சிவப்புப் புடவை கட்டி, மாலை போட்டு, வெட்கப்பட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தது. தங்கலட்சுமி எலியைப் பார்த்தாள். எழுத்தைப் பார்த்தாள். திரும்பிப் பின்னால் தொங்கிய பிளக்ஸைப் பார்த்தாள். மறுபடியும் எலியைப் பார்த்தாள்.

அந்தச் சின்ன மண்டைக்குள் என்ன நடக்கிறது என்று தேவிபிரியாவுக்குத் தெரிந்துவிட்டது. இதற்குத்தானே ஒரு வருஷமாகத் தொண்டை வறளக் கத்தினாள். யாரும் சொல்லிக்கொடுக்காமல், படத்தையும் எழுத்தையும் சேர்த்து வைத்து ஒரு பிள்ளை தானாகப் பொருள் கண்டுபிடிக்கப் போகிறது. கண்டுபிடித்துவிடாதே தாயே என்று மனசுக்குள் கும்பிட்டாள்.

“டீச்சர்,” என்றாள் தங்கலட்சுமி. மைக் அதை ஊர்க்கோடி வரை கொண்டுபோனது. “பிரைடுன்னா பெருமை இல்ல. கல்யாணப் பொண்ணு. பெரியப்பாதான் கல்யாணப் பொண்ணு.”

பெண்கள் பக்கத்திலிருந்து முதல் சிரிப்பு கிளம்பியது. பிறகு பந்தலே அதிர்ந்தது. மைக்செட்காரர் சிரித்த சிரிப்பில் ஒயர் பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டது, மறுபடி மாட்ட வேண்டியதாயிற்று.

உக்கிரபாண்டி எழுந்தார். சிரிப்பு வரிசை வரிசையாக அடங்கியது. மேடையேறினார். பிளக்ஸில் மீசை முறுக்கிக்கொண்டிருந்த தன்னையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிள்ளை சொல்கிறது சரிதானா என்று அலுவலரிடம் கேட்டார். ஜெகதீஸ்வரி வேறு வழியில்லாமல் தலையசைத்தார்.

தேவிபிரியா முன்னால் வந்தாள். இனி மறைத்துப் பயனில்லை.

“பிள்ளைக மேல தப்பு இல்லைங்கய்யா. எனக்கு அன்னைக்கே தெரியும். ஒங்களப் பாத்துப் பயந்துபோய் மாத்திச் சொல்லிட்டேன்.”

“என்னையப் பாத்தா பயமா?” என்றார் உக்கிரபாண்டி. நிஜமாகவே ஆச்சரியப்பட்டார். கொஞ்சம் வருத்தம்கூட அவர் முகத்தில் தெரிந்தது. பிறகு மைக்கைக் கையில் வாங்கினார்.

“ஏலே, வீரபாண்டி,” என்று கூட்டத்தில் இருந்த ஒருவரைக் கூப்பிட்டார். “ஒம் மகன் வேன்ல ஏறி டவுனுக்குப் போயிப் படிக்கான். தினம் எம் டிராக்டரத் தாண்டித்தான போறான். அதுல என்ன எழுதியிருக்குன்னு ஒரு நாளாச்சும் சொன்னானா?”

வீரபாண்டி இல்லை என்று தலையாட்டினார்.

“இந்தச் சட்டையப் போட்டுக்கிட்டு எத்தனை எடத்துக்குப் போயிருக்கேன். பேங்குக்குப் போனேன். தாலுகா ஆபீசுக்குப் போனேன். ஒருத்தன் வாசிச்சுச் சொல்லல. நம்ம பள்ளிக்கூடத்துப் பிள்ளை, நாலாங் கிளாஸ், டீச்சரே தப்பாச் சொல்லிக் குடுத்ததைத் திருத்தி வாசிச்சிருக்கு. இதுக்கு மேல என்னய்யா வேணும்?”

அவர் தங்கலட்சுமியைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டார். பிறகு அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. மைக்கைக் கீழே வைக்க மறந்து அவர் சிரித்த சிரிப்பு பக்கத்து ஊருக்கும் கேட்டிருக்கும். அவர் சிரிக்கலாம் என்று தெரிந்ததும் ஊர் இன்னொரு முறை முதலிலிருந்து சிரித்தது.

விழா முடிவதற்குள் வீரபாண்டியும் வேறு சிலரும் தனுஷ்கோடியைச் சூழ்ந்துகொண்டு, வருகிற வருஷம் சேர்ப்பதற்கு என்னென்ன கொண்டுவர வேண்டும் என்று விசாரித்தார்கள். ஜெகதீஸ்வரி எலிக் கதைப் புத்தகத்தைத் தங்கலட்சுமிக்கே கொடுத்துவிட்டார். உக்கிரபாண்டி பிளக்ஸைக் கழற்ற வேண்டாம், பிள்ளைகள் வாசித்துப் பழகட்டும் என்று சொல்லிவிட்டு, அலுவலரைக் கார் வரைக்கும் வழியனுப்பப் போனார்.

கேசரி விளம்பிக்கொண்டிருந்த பெண்களில் ஒருவர் தேவிபிரியாவைத் தேடி வந்து இலையில் ஒரு கரண்டி கூடுதலாக வைத்தார். உக்கிரபாண்டியின் மனைவி ஈஸ்வரி. அதிகம் பேசாதவர். இத்தனை நாளில் தேவிபிரியாவிடம் வாங்க, போயிட்டு வாங்க என்பதற்கு மேல் பேசியதில்லை. அவர் முகத்தைப் பார்க்கவே அவளுக்குக் கூச்சமாக இருந்தது. ஐயாவைப் பார்த்து ஊரே இப்படிச் சிரிக்கும்படி வைத்துவிட்டேனே, அன்றைக்கே வீட்டில் உங்களிடமாவது வந்து சொல்லியிருக்க வேண்டும், மன்னிச்சிருங்கக்கா என்றாள்.

ஈஸ்வரி அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அவள் காதருகே குனிந்தார்.

“நீங்க எதுக்கு டீச்சர் வெசனப்படுறீக? நானும் திருச்சுழியில பன்னெண்டாவது வரைக்கும் படிச்சவதான். கல்யாணத்தன்னிக்கு என்னையக் குனிஞ்ச தலை நிமிர விடாம உக்கார வச்சாக. அவுகளும் கொஞ்ச நாளைக்குக் கல்யாணப் பொண்ணா இருந்து பாக்கட்டும்னு, டவுன்ல ரோட்டோரக் குவியல்ல தேடி வாசிச்சு வாசிச்சு அந்தச் சட்டைய எடுத்ததே நாந்தான்.”